'வீட்ல' என்று தேடியபோது

என் கணவரின் மடிக்கணினியை முதன்முதலாக எட்டிப் பார்த்த அன்று என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விக்கிப்பீடியா மாதிரி தனக்கென்று ஒரு விக்கி வைத்திருந்தார். படித்தது, கேட்டது, பழுதுபார்த்தது என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு பக்கம். தலைப்புக் கொடுக்காமல் பக்கத்தைச் சேமிக்க முடியாது என்பதால் வேண்டாவெறுப்பாக எதையோ தட்டி வைப்பார். 'சும்மா', 'இன்னொரு சும்மா', 'அப்புறம்', 'அதே ஆனா வேற'. அந்த 'அதே ஆனா வேற'யைத் திறந்தால், எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக் குளியலறைக் குழாய்க்கு எந்த அளவு வாஷர் என்று எழுதியிருந்தது. நான் பள்ளி அலுவலகத்தில் கோப்புகளுக்குப் பெயர் ஒட்டியே சம்பளம் வாங்கியவள். சிரிப்பு அடங்கியதும் எரிச்சல் வந்தது.

"தலைப்பு எதுக்கும்மா? உள்ள எழுதினதுல ஒரு வார்த்தை ஞாபகம் இருந்தா போதும், தட்டினா வந்து நிக்கும்" என்றார்.

"அந்த ஒரு வார்த்தையும் மறந்துபோச்சுன்னா?"

"அதெல்லாம் மறக்காது லா."

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர். இங்கே எல்லாரும் பேச்சின் கடைசியில் ஒட்டும் அந்த 'லா'வைக் குவீன்ஸ்டவுனில் என் அப்பா வீட்டில்தான் பிடித்துக்கொண்டார், அதையும் பாதி நேரம் தப்பான இடத்தில் போடுவார். ஆனால் தேடுகிற விஷயத்தில் அவரை மடக்க முடியாது. தைப்பூசத்தன்று டோபி காட் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கிக் கூட்டத்தில் திகைத்து நின்றால், கைப்பேசியில் 'காவடி' என்று தட்டுவார். எந்த வாசல் வழியாக வெளியேறினால் கோயிலுக்குச் சுருக்கு வழி என்று போன வருடம் எழுதியது வந்துவிடும். நான் தேடினால் ஒன்றும் வராது. கண்ணாடி பழுதுபார்க்கும் கடையின் பெயர் வேண்டும் என்று நான் 'தேக்கா' என்று தட்டுவேன், அதே இடத்தை அவர் 'லிட்டில் இந்தியா' என்று எழுதி வைத்திருப்பார். அவருடைய சொல் எதுவென்று தெரிந்தால்தான் அவருடைய பக்கம் கிடைக்கும். ஊருக்கெல்லாம் புரிகிற மாதிரி ஒரு தலைப்பு வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று வருடக்கணக்கில் அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

இதையெல்லாம் 'என்றார்', 'வைத்திருந்தார்' என்று இறந்தகாலத்தில் எழுதும்போது கை கூசுகிறது. ஆள் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஐம்பதுகளிலேயே மறதி நோய் வந்துவிட்டது. மருத்துவர் மென்மையாகத்தான் சொன்னார், ஆனால் இனி நினைவு குறையுமே தவிரக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும் அந்த அறையிலேயே புரிந்துவிட்டது. முதலில் போனவை சொற்கள். தேடும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் 'அது' என்று தட்டினார். வந்து விழுந்த பக்கங்களைப் பார்த்துவிட்டுக் கணினியை மெதுவாக மூடினார்.

அதன் பிறகுதான் நான் தலைப்பு வைக்க உட்கார்ந்தேன். அவர் மதியம் தூங்கும்போது ஒவ்வொரு 'சும்மா'வையும் திறந்து படித்துப் பெயர் மாற்றினேன். 'வீட்டுக்கு வரும் வழி', 'காலை மாத்திரை', 'ஏர்கான் போடுவது எப்படி'. எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அடுக்கினேன். இனி எந்தச் சொல்லையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம், பார்த்துத் தொட்டால் போதும். கொஞ்ச காலம் அது உதவியது. நான் சொன்னதுதான் சரி என்று மனசுக்குள் ஒரு மிதப்புகூட இருந்தது. இப்போது நினைத்தால் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

போன மாதம் ஒரு காலை, கோப்பியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "உன் பேரு... எங்கயாவது எழுதி வச்சிருப்பேன்மா. இரு, தேடித் தரேன்" என்றார். எனக்கே ஏதோ தொலைந்துபோன மாதிரிதான் சொன்னார். 'மனைவி' என்று தட்டினார். ஒன்றுமில்லை. 'வைஃப்' என்று தட்டினார். அதுவுமில்லை. நான் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். அத்தனை பக்கங்களில் ஓர் இடத்தில்கூட இல்லை. நேரில் 'என்னம்மா', 'இங்க பாரு'. மற்றவர்களிடம் 'வீட்ல கேட்டுச் சொல்றேன்'. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை.

'வீட்ல' என்று தட்டினேன். பக்கம் பக்கமாக வந்தது. 'வீட்ல ஏர்கான் தண்ணி ஒழுகுது.' 'வீட்ல தலைவலி, டீ கூடாது, பால் சர்க்கரை இல்லாம கோப்பி ஓ கோசோங்.' 'வீட்ல பல்பு மாத்தணும்.' 'வீட்ல கோபம், ரெண்டு நாளா பேசல.' 'வீட்ல பச்சை புடிக்காது, நீலம் வாங்கணும்.' எது வீடு, எது நான் என்று எனக்குத் தெரிந்தது. அழுதுகொண்டே படித்தேன். அவரும் பக்கத்திலிருந்து படித்தார். "இந்த வீட்ல ரொம்ப ரிப்பேர் போல" என்றார்.

அன்றே ஒரு புதிய பக்கம் திறந்தேன். தலைப்பாக என் முழுப் பெயர். உள்ளே, இவள் உங்கள் மனைவி, உங்களோடுதான் இருக்கிறாள், கோபம் வந்தாலும் போகமாட்டாள் என்று எழுதினேன். தலைப்பும் உள்ளடக்கமும் சேர்ந்திருந்தால் எதுவும் தொலையாது என்று அப்போதும் நம்பினேன்.

நேற்று அந்தப் பக்கத்தை அவராகவே தொட்டுத் திறந்தார். என் பெயரை ஓர் எழுத்து விடாமல் வாய்விட்டு வாசித்தார். அவர் வாயால் அதைக் கேட்க எத்தனை ஆசைப்பட்டிருக்கிறேன். கீழே இருந்ததையும் படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லவங்களா இருக்காங்க. எப்ப வருவாங்க?"

"சாயங்காலம் வந்துருவாங்க" என்றேன்.

சாயங்காலம் அவரே சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவி, நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். சாப்பிட வாங்க என்று நான் கூப்பிட்டதற்கு, "அவங்க வந்துரட்டும்" என்றார்.