படகுக்குப் பின்னால் ஒருத்தி

தட்டையான படத்தில் ஆழம் காட்டுவது ஏமாற்று வேலைதான். அதை நான் நன்றாகவே செய்வேன். தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கி, நிறத்தை வெளிறவிட்டு, முன்னால் இருப்பதன் நிழலைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பார்க்கிறவர் கண் தானாக உள்ளே போய்விடும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள், திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தில் இணையப் பாடங்களுக்குக் கணினியில் படம் வரையும் ஒப்பந்த வேலை எனக்கு. வலியசாலையிலிருந்து கிழக்கேகோட்டை போய் பஸ் பிடிப்பேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. முன்னால் நிற்பது மறைத்துவிடும் பொருளையும் முழுசாக வரைவேன். பின்னால் இருப்பது அரைகுறையாக இருந்தால் ஆழம் பொய்யாகிவிடும் என்று நினைப்பு.

ஒரு வருஷம் என்னையும் பக்கத்து இருக்கைக்காரியையும் வைத்து, ஒருவரைத்தான் நிரந்தரமாக்க முடியும் என்றார் மேலாளர். துறைமுகப் பாடத்துக்கு யார் படம் தேறுகிறதோ அவருக்கு வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்தேன். முன்னால் பெரிய படகு, அப்புறம் சிறுத்துக்கொண்டே போகும் படகுகள், கடைசியில் வெளிறிய கடல். பெரிய படகுக்குப் பின்னால் ஒரு மீன்காரியைக் கூடையும் கம்மலுமாக உட்கார வைத்தேன். படகை மேலே வைத்ததும் முழுக்க மறைந்துபோனாள்.

எல்லோர் படமும் ஒரே பொது ஃபோல்டரில்தான் கிடக்கும். திங்கட்கிழமை மேலாளர் என் படத்தைத் திரையில் போட்டபோது அடியில் பக்கத்து இருக்கைக்காரியின் பெயர் இருந்தது.

"இது நான் வரைஞ்சதாக்கும் சார்" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஐடியா தோணியிருக்கும் சார்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். அன்று மத்தியானம்கூட என் டப்பாவிலிருந்து புளியோதரை எடுத்துத் தின்றவள்.

"நிறத்தை எடுத்துட்டு கோடு மட்டும் தெரியறாப்ல வச்சுப் பாருங்கோ சார். படகுக்குப் பின்னாடி ஒரு மீன்காரி உக்காந்துண்டிருப்பா. கம்மல் போட்டிருப்பா" என்றேன்.

வைத்தார். படகுப் பலகைகளின் கோடுகளுக்கு நடுவே மீன்காரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கைக்காரியின் முகம் செத்துப்போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

மேலாளர் மலையாளி, எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார். "அப்போ இது உங்க படந்தன்னே. ஆனா காணாத்த ஆளை எதுக்கு வரச்சு? ஃபைல் கனம் கூடினா நெட்டுல திறக்காது, அறியாமோ? பழைய படமெல்லாம் இப்படித்தன்னேயா?"

"ஆமா சார்."

ஒவ்வொன்றாகத் திறந்தார். மூடிய கதவுக்குப் பின்னால் அறை, அறைக்குள் கட்டில், கட்டிலுக்கு அடியில் செருப்பு. நானே பிடித்துக் கொடுத்த சாட்சி என்னையே மாட்டிவிட்டது. அவள் செய்தது தப்பு என்று அவளையும் கண்டித்தார். வேலையை அவளுக்கே கொடுத்தார். அவள் ஃபைல்கள் சின்னதாக இருந்தன.

அவளுக்கு வந்த முதல் வேலை என் படங்களைச் சுத்தம் செய்வது. நான் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் அவள் மீன்காரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். பிறகு நிறத்தைத் திரும்ப வரவழைத்தாள்.

படம் இம்மியும் மாறவில்லை. கடல் அதே ஆழத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவளை என்றாவது மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்தப் படத்தை மன்னிக்க மாட்டேன்.