கண்ணாடி மேஸ்திரி உரித்த சுவர்

சிமெண்ட் பூசி அவர் தேய்த்துவிட்டால் சுவரில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். அதனாலேயே அவருக்குக் கண்ணாடி மேஸ்திரி என்று பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையைக்கூட அந்தப் பெயரெழுதித்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அவர் மனைவிக்குப் பழைய நூலகத்தில் உதவியாளர் வேலை. நூற்றைம்பது வருடக் கட்டடம்; ஒரு முழத்துக்கு மேல் கனமான செங்கல் சுவர்கள். நான் அங்கே தினமும் பேப்பர் படிக்கப் போகிறவன். வாசிப்பறையின் தெற்குச் சுவரில் இடுப்புயரத்துக்கு எப்போதும் ஓதம் ஏறியிருக்கும். வருடா வருடம் பெயிண்ட் அடிப்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்து, அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். அந்தச் சுவரோரத்து அலமாரிகளின் அடித்தட்டுப் புத்தகங்களில் பூஞ்சணம். அதைத் துடைத்துத் துடைத்தே அந்த அம்மாவுக்குத் தும்மல் நிரந்தரமாகிவிட்டது.

ஒருநாள், பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதற்கென்றே படித்த பெண் இன்ஜினியர் ஒருவர் வந்தார். இரண்டு நாள் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெளி முற்றத்தில் தளத்தின்மேல் தளமாகப் போட்டு, உள்தரையைவிட வெளித்தரை உயர்ந்து கிடந்தது. கூரையிலிருந்து இறங்கும் மழைக்குழாய் சுவரின் காலடியிலேயே முடிந்தது. சுவர் வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது, உள்பக்கச் சிமெண்ட் பூச்சு அதைக் காயவிடாமல் அடைத்து வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைப் புருஷனும் மனைவியும் தனித்தனியாகவும் சேர்ந்தும் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

"சுவரு மூச்சு விட முடியாம தவிக்குதாம்," என்று தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார் அந்த அம்மா. "எந்தப் புண்ணியவான் சிமெண்ட்ட வெச்சு அடைச்சானோ, அவன் மட்டும் என் கையில கெடச்சான்..."

மேஸ்திரி தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"கெடச்சுட்டான். நான்தான்."

கல்யாணத்துக்கு முன்பு, இருபத்தாறு வருடத்துக்கு முந்தி, ஒரு காண்ட்ராக்டரிடம் கூலி வேலை பார்த்தபோது பூசியது அது. ஈரம் தெரியாமல் வழவழவென்று மூடிவிடச் சொன்னார்கள், மூடினார். நல்ல வேலை என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பிறகு மனைவி அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, தும்மிக்கொண்டே வீடு திரும்பியபோதெல்லாம் மனதில் ஏதோ உறுத்தியிருக்கிறது. ஈரம் வேறெங்கிருந்தோ வருகிறது, நம் பூச்சில் குறை இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பதினாறு வருஷமா தும்முறேன். ஆள வீட்டுலயே வெச்சுக்கிட்டு ஊர்ல இருக்குற கொத்தனாரையெல்லாம் திட்டியிருக்கேன்! நாளைக்கு என்கூட வாங்க. இன்ஜினியரம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"அசிங்கமா இருக்குமே."

"இருக்கட்டும். வாங்க."

மறுநாள் அவர்கள் போனபோது, பூச்சை உடைக்க இரண்டு ஆட்கள் மெஷினோடு தயாராக நின்றார்கள். மேஸ்திரி ஒரே மூச்சில் விஷயத்தைக் கொட்டிவிட்டுத் திட்டு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எவ்வளவு கனம் போட்டீங்க?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"ஒண்ணரை இஞ்ச் மேடம். பூச்சு பிடிக்கணும்னு உள்ள கோழி வலைக் கம்பியும் வெச்சோம்."

"வலையா? எதுல ஆணி அடிச்சீங்க?"

"செங்கல் சந்துல. சாணுக்கு ஒண்ணு."

இன்ஜினியர் திரும்பி, "மெஷின கீழ வைங்கப்பா!" என்றார். "நல்ல நேரத்துல வந்தீங்க மேஸ்திரி. தெரியாம இழுத்திருந்தா வலையோட செங்கல்லும் பேந்து வந்திருக்கும். நீங்களே உரிச்சுக் குடுக்குறீங்களா?"

"தப்பு பண்ணவன நிக்க வெச்சுக் கேள்வி கேக்கல சார், கனம் எவ்வளவுன்னு கேட்டாங்க," என்று பின்னால் மேஸ்திரி என்னிடம் சொன்னார். "அந்த ஒரு வார்த்தைக்கு நான் காலம் பூரா நன்றி சொல்லணும்."

சுத்தியலும் சின்ன உளியுமாக ஏழு வாரம் உரித்தார். ஒவ்வோர் ஆணியாக வெட்டி, வலையைத் துண்டு துண்டாக எடுத்தார். முதல் பகுதி விழுந்த அன்று உள்ளே செங்கல் கறுத்து ஊறிக் கிடந்தது. விரலால் தொட்டால் நனைந்த பிஸ்கட் மாதிரி மாவாக வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அந்த அம்மா டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாராம்.

வெளியே தளத்தைப் பெயர்த்து, மண்ணை முழ ஆழத்துக்கு இறக்கி, சுவரோரம் சரளைக்கல் கொட்டினார்கள். மழைக்குழாயைத் தெருச் சாக்கடைவரை நீட்டினார்கள். உடனே சுண்ணாம்பு குழைக்க மேஸ்திரிக்குக் கை பரபரத்தது. இன்ஜினியர் விடவில்லை, ஒரு கோடை முழுக்கச் சுவர் வெறுமனே காய வேண்டும் என்றார். உரித்ததைவிட அந்தக் காத்திருப்புதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வாரம் தவறாமல் வந்து செங்கலைத் தடவிப் பார்ப்பார்.

"கைய வெச்சு வெச்சுப் பாத்தா சீக்கிரம் காஞ்சுருமா?" என்று விரட்டுவார் மனைவி.

கோடை முடிந்து செங்கல் சிவந்தது. உளுத்துப்போன பதினொன்றை மட்டும் மாற்றிவிட்டு, மணலும் சுண்ணாம்பும் குழைத்து மெல்லிசாகப் பூசினார். பளபளப்பே இல்லை.

"முகம் தெரியாதே மேடம்," என்றார் குறையோடு.

"தெரிய வேண்டாம். ஈரம் வெளிய போனாப் போதும்."

அந்த வருடம் மழை நான்கு நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் மேஸ்திரி தொப்பலாக நனைந்து நூலகத்துக்கு வந்தார். வாசலிலேயே சட்டையைப் பிழிந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தெற்குச் சுவரை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அங்குலம் அங்குலமாகத் தொட்டுப் பார்த்தார். அலமாரிகளுக்குப் பின்னாலும் கையை விட்டுப் பார்த்தார். நானும் எழுந்து போய்த் தொட்டேன். சில்லென்று இருந்ததே தவிர ஈரமில்லை.

வேலை நடந்தபோது மாடியில் ஏற்றி வைத்திருந்த புத்தகங்களை மனைவி இறக்கி வந்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து, சுவருக்கும் புத்தகத்துக்கும் நடுவே காற்றுப் போக நாலு விரல் இடம் விட்டு, அடித்தட்டில் ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். பாதியில் மேஸ்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"மேடம், நாலு நாள் மழ மேடம்... சுவரு காஞ்சே இருக்கு."

போனை மனைவியிடம் நீட்டிவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அழுதுட்டு இருக்காரு மேடம்," என்றார் அந்த அம்மா. "நீங்க எங்கிட்ட சொல்லுங்க."