வாசலில் ஒரு தலையாட்டல்

எங்கள் கடையில் சாமான் எடுத்தவர்கள் வெளியே போகுமுன் வாசலில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். "சரி, போகலாம்" என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற பார்வை அது. லண்டனின் தெற்கு ஓரத்தில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் எட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். போன வருடம் அங்கிருந்த காசு வாங்கும் மேசைகளை எல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது கூரை நிறையக் கமராக்கள், தட்டுகளுக்கு அடியில் தராசுகள். உள்ளே வரும்போது வாசல் கம்பியில் வங்கி அட்டையைக் காட்டினால் போதும். வேண்டியதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். என்ன எடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியும். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் நான் கதை அளக்கிறேன் என்று நினைக்கலாம். நானே முதல் நாள் ஒரு யோகட் கோப்பையைப் பத்துத் தடவை எடுத்தும் வைத்தும் அதை ஏமாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒன்று எடுத்ததாகச் சரியாகச் சொல்லிவிட்டது.

மேசைகளில் இருந்த ஒன்பது பேரில் இரண்டு பேரைத்தான் வைத்துக்கொண்டார்கள். அதில் நான் ஒருத்தி. வாசலில் நின்று, தெரியாதவர்களுக்கு உதவ வேண்டும் என்பது உத்தரவு. இரண்டு கிழமையில் எல்லோரும் பழகிவிட்டார்கள், உதவி கேட்பவர் குறைந்துபோனார்கள். ஆனால் அந்தத் திரும்பிப் பார்த்தல் மட்டும் நிற்கவில்லை. திருடியது போலிருக்கிறது என்று ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா ஒவ்வொரு நாளும் என்னிடம் சொல்வார். நான் சிரித்துத் தலையாட்டுவேன். அவர் முகம் தெளிந்து போய்விடுவார். ஒரு நாளைக்கு எத்தனை தலையாட்டல் என்று கழுத்தைத்தான் கேட்க வேண்டும். வாசலுக்கு ஆள் தேவையா இல்லையா என்று ஆறு மாதத்தில் முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஐம்பத்து மூன்று வயதில் இன்னோர் இடம் தேடுவது லேசில்லை. அதைவிட, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இந்த நாட்டில் என் சொல்லுக்காக யாராவது காத்து நின்றது அந்த வாசலில்தான்.

இந்த நேரத்தில்தான் மச்சாள் வந்து இறங்கினா. என் கணவரின் அக்கா. ஊரில், வவுணதீவில் சொந்தமாகக் கடை வைத்திருப்பவ. வலையிறவுப் பாலத்தால் பஸ்ஸில் புளியந்தீவு டவுனுக்குப் போய்ச் சாமான் கொண்டுவந்து, முப்பது வருடமாக ஒரே ஆளாக நடத்துகிறா. நான் கலியாணம் முடித்துப் போன புதிதில் அந்தக் கடையைப் பார்த்து மலைத்திருக்கிறேன். வருகிறவர்கள் தாங்களே உள்ளே போய், வேண்டியதை எடுத்து, மச்சாள் இருக்கும் பக்கம் உயர்த்திக் காட்டுவார்கள். மச்சாள் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாலும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுவா. கணக்கு அவ மனதில் ஏறும், காசு பிறகு வரும். அவ்வளவுதான் வியாபாரம். அந்த ஆட்டல் கிடைக்காமல் ஒருவரும் படி இறங்கியதை நான் பார்த்ததில்லை. அடைமழை காலத்தில் வட்டை என்கிற வயல்வெளிக்குப் போகிறவர்கள், சேற்றில் இறங்குமுன் அவசரமாக வந்து நிற்பார்கள். அவர்களும் காத்துத்தான் நிற்பார்கள்.

மச்சாளுக்கு லண்டனில் பாலமும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். "ஆளில்லாத கடையெண்டு சொன்னியே, அதக் காட்டுகா" என்று வந்த மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டா. எனக்கு லீவு நாள் ஒன்றில் கூட்டிப் போனேன். சீருடை போடவில்லை. என் அட்டையைக் காட்டி இரண்டு பேரும் உள்ளே போனோம். இனி அவ எதை எடுத்தாலும் என் பெயரில்தான் விழும்.

மச்சாள் அண்ணாந்து கமராக்களைப் பார்த்தபடியே நடந்தா. பயமோ வியப்போ முகத்தில் இல்லை. தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலையைப் பார்க்கும் பார்வை.

"இதுக்கு ஆக்களத் தெரியுமா புள்ள?"

"முகம் தெரியாது மச்சாள். ஆர் எதை எடுக்கிறாங்க எண்டு மட்டும் பார்க்கும்."

"மறுகா, பால்மாக்கு வந்த புள்ள கண் கலங்கி நிண்டா ஆரு என்னெண்டு கேக்கிற?"

அதற்குள் அந்த வயதான அம்மா என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். அவரோடு பேசிவிட்டுத் திரும்பினால், பால் சாமான் தட்டுக்கு முன்னால் மச்சாள் குந்தியிருக்கிறா. சுற்றிவர நிலத்தில் யோகட் கோப்பைகள், பால் போத்தல்கள். தட்டுப் பாதி காலி. நான் ஓடினேன்.

"இஞ்ச பாருகா, நாளைக்கு முடியிற சாமான் எல்லாம் பின்னுக்குக் கிடக்கு. இப்பிடி வெச்சா ஆரு எடுப்பாங்க?"

பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்குமாக, பெயர் வெளியே தெரியும்படி திருப்பித் திருப்பி அடுக்கினா. முப்பது வருடக் கை, சொன்னாலும் நிற்காது. எல்லாக் கோப்பையும் என் அட்டையில் ஏறும், சாமானைக் கலைத்தது என் ஆள் என்று எழுதுவார்கள், முடிவெடுக்க அவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பக்கத்துக் கதவைத் திறந்து, முப்பது வயதும் ஆகாத எங்கள் மனேஜர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

உள் அறையில் ஒரு பெரிய ஸ்கிரீன். கடைக்குள் நடக்கிற ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு பெட்டி. "இந்தப் பெண்ணை எங்கிருந்து அனுப்பினார்கள்?" என்று கேட்டார். நான் பதறிப்போய், "வவுணதீவு" என்றேன். கேள்விப்பட்ட கம்பனி போலத் தலையசைத்தார். சாமான் அடுக்க ஏதோ கம்பனி அனுப்பிய ஆள் என்று நினைத்திருக்கிறார். நான் உண்மையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்து, ஸ்கிரீனைத் தொட்டுக் காட்டினார். வாங்க வந்தவர்களுக்கு நீலப் பெட்டி, வேலை செய்பவர்களுக்குப் பச்சை. உள்ளே வந்தபோது நீலமாக இருந்த மச்சாள், ஐந்தாவது யோகட்டைத் திருப்பி வைத்ததும் பச்சையாகியிருந்தா. குந்துகிற விதம், கை போகிற விதம் எல்லாவற்றையும் பார்த்துத் தானாகவே முடிவெடுத்திருக்கிறது. ஒரு கோப்பைகூட என் கணக்கில் ஏறவில்லை.

எனக்கு உயிர் வந்தது. ஆவல் தாங்காமல், வேலை நாளில் என்னை எப்படிக் காட்டும் என்று கேட்டேன். அவர் தயங்கி முந்தின நாள் படத்தைப் போட்டார். வாசலில் நிற்கிறேன். பெட்டி இல்லை, சீருடைக்காக ஒரு பச்சைக் கோடு மட்டும். அதன் கீழே சிறிய எழுத்தில் "காத்திருக்கிறார்" என்று இருந்தது. மணிக்கணக்காக அதுதான். ஒருவர் திரும்பிப் பார்க்கிறார், நான் தலையாட்டுகிறேன், அவர் போகிறார். எழுத்து மாறவேயில்லை.

"உங்களைப் பற்றி இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்றார் மனேஜர். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் மச்சாளிடம் சொன்னேன். "தலையாட்டுறது அதுக்குத் தெரியலையா?" என்று கேட்டா. பிறகு, "அது ஒரு நாளும் கடைக்குப் போயிருக்காது, அதான்" என்றா. கோபமே இல்லை, அனுதாபம்தான்.

இரண்டு மாதத்தில் வாசலுக்கு ஆள் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. என்னை நீக்கவில்லை, பால் சாமான் அடுக்கும் பக்கம் போட்டார்கள். மச்சாள் செய்து காட்டியதைத்தான் இப்போது செய்கிறேன், நாள் முழுக்கப் பச்சைதான். வாசலில் மனிதர்கள் இன்னும் திரும்பிப் பார்க்கிறார்கள். யாரும் இல்லை என்று கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். தட்டுக்குப் பின்னால் நின்று நான் தலையாட்டுவதை அவர்கள் காண்பதில்லை.

இந்த மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். மச்சாள் குசினியில் நண்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தா. "கொஞ்சம் கடையப் பாருகா" என்று என்னை இருத்திவிட்டு அடுப்படிக்குத் திரும்பினா. எனக்கு உச்சி குளிர்ந்தது. வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு ஒரு பெண் வந்து, உள்ளே போய், ஒரு தீப்பெட்டியும் ஒரு பக்கற் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பி உயர்த்திக் காட்டினாள். எத்தனை ஆயிரம் தடவை பழகிய வேலை. நன்றாகச் சிரித்துத் தலையை ஆட்டினேன்.

அவள் போகவில்லை.

"அக்கா இல்லையா?"

"உள்ளுக்குச் சமைக்கிறா. நீங்க கொண்டு போங்க."

"இரிக்கட்டும், அவ வரட்டும்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். உயர்த்திய கையை இறக்காமல், என் தோளுக்கு மேலால் குசினி வாசலைப் பார்த்தபடி நின்றாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், நானும் திரும்பி அந்த வாசலைப் பார்த்தேன்.