மூன்றாவது சைகை

ஒரு விளையாட்டுக்குப் பக்கத்திலேயே பதின்மூன்று வருடம் நின்ற ஒருவர், அதை ஒரு தடவைகூடப் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? மைதானத்தின் மூலையில் குந்தியிருந்து, இடக்கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வலக்கண்ணால் ஒரு நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் பரமேஸ்வரன். நூலின் மறுமுனை பதினெட்டு மீற்றருக்கு அப்பால் ஒரு முளையில் கட்டப்பட்டிருக்கிறது. அது துடிப்பதை நிறுத்தியதும் எழும்புகிறார். அடியில் ஆணியால் துளைகள் போட்ட பால்மா டின் ஒன்றைக் கையில் எடுத்து, நூலின் மேலாகத் தட்டித் தட்டிப் பின்பக்கமாக நடக்கிறார். சுண்ணாம்பு கோடாக விழுகிறது. முன்பக்கமாக நடந்தால் தான் போட்ட கோட்டைத் தானே மிதிக்க நேரும் என்பது அவருடைய கணக்கு.

தொழிலால் அவர் மேசன். வயது ஐம்பத்திரண்டு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து லொறியில் வந்த குடும்பம். அப்போது அவருக்கு நாலு வயது. நெடுங்கேணிக்கு அப்பால், காட்டு ஓரத்திலுள்ள இந்தக் குடியேற்றத்தில், போர் முடிந்து சனம் திரும்பி வந்தபோது கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகளில் பாதி அவருடைய கைபட்டவை. எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரையில் இருப்பதற்கு முன்னர் ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்ப்பார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படிப் பார்த்து, "யன்னல் நிலை அரை இஞ்சி சரிஞ்சு நிக்குது, ஆர் வைச்சது?" என்று கேட்டார். வைத்தது பெண்ணின் தாய்மாமன். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. "சரிஞ்சதைச் சரிஞ்சது எண்டு சொல்லாமல் என்னெண்டு சொல்லுறது?" என்று அவர் இன்றைக்கும் கேட்கிறார். மனைவி ராஜினியிடம் அதற்குப் பதில் இருக்கிறது; பதினைந்து நிமிடம் எடுக்கும்.

ஊர் விளையாட்டுக் கழகத்தின் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்கிய வருடத்திலிருந்து கோடு போடுபவரும் அவர்தான், இறுதிப் போட்டியில் கோட்டு மத்தியஸ்தராக மூலையில் நிற்பவரும் அவர்தான். கையில் ஒரு சிவப்புக் கொடி. பந்து உள்ளே விழுந்தால் கொடி நிலத்தை நோக்கும். வெளியே விழுந்தால் வானத்தை நோக்கும். மூன்றாவதாகவும் ஒரு சைகை உண்டு. இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் குறுக்கே வைத்தால், "எனக்குத் தெரியவில்லை" என்று பொருள். பந்தைத் திரும்பவும் ஆடவேண்டும். பரமேஸ்வரன் அதை ஒருநாளும் காட்டியதில்லை. "அது நித்திரை கொண்டவனுக்கு உள்ளது," என்பார்.

ஆட்டம் நடக்கும்போது அவர் கண் கோட்டை விட்டு எழும்பாது. யார் உயரத் துள்ளினார், யார் விழுந்து பந்தைத் தூக்கினார் என்பதெல்லாம் அவருக்குச் சத்தமாகத்தான் தெரியும். எல்லாம் முடிந்து கொடியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கையில் ராஜினியிடம் கேட்பார்: "ஆர் வெண்டது?" முதல் இரண்டு வருடமும் அவர் பகிடி விடுவதாகத்தான் ராஜினி நினைத்திருந்தார்.

இதை ஒரு குணம் என்று சொல்லலாமா என்பதில் எனக்கு இன்னமும் தயக்கம் இருக்கிறது. ஒன்றை மட்டுமே பார்ப்பது நேர்மையாகவும் இருக்கலாம், மற்றதைப் பார்க்காமல் தப்பிக்கும் வழியாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிகின்றன.

போன வருடம் கழகத்துக்குப் புதுச் செயலாளராகத் தாட்சாயினி வந்தாள். முன்பள்ளி ஆசிரியை, ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே கூட்டம் நடத்தக்கூடியவள். முதல் கூட்டத்திலேயே ஒரு தாளை விரித்தாள்.

"போன முறை இறுதிப் போட்டிக்கு எத்தினை பேர் நிண்டவை எண்டு ஆருக்கும் தெரியுமே? நான் எண்ணினனான். நாப்பத்தொரு பேர். அதிலை பன்ரெண்டு பேர் விளையாடினவை."

எல்லோரும் பரமேஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "நான் சனத்தைப் பாக்கேல்லை பிள்ளை."

"அண்ணை, நீங்கள் பந்தையே பாக்கிறேல்லையாம். ராஜினி அக்கா சொன்னவா."

அவள் கொண்டுவந்த திட்டம் பெரியது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இரண்டு நாள் கொண்டாட்டம். கோலப் போட்டி, சமையல் போட்டி, தலையணைச் சண்டை, சங்கீதக் கதிரை, பிள்ளைகள் துள்ள ஒரு காற்றடித்த மாளிகை, கொத்து ரொட்டிக் கடை, இரண்டாம் நாள் பின்னேரம் கரப்பந்து இறுதிப் போட்டி, அதன் பிறகு வவுனியாவிலிருந்து பாட்டுக் கோஷ்டி. பொருளாளர் ஜெயந்தன் அதற்கும் ஒரு படி மேலே போனான்.

"பிறகேன் இந்த வலை? அதைக் கழட்டிப்போட்டு அந்த இடத்திலை மேடையைப் போட்டால் இன்னும் ஆயிரம் சனம் நிக்கும். பாட்டுக்குத்தானே வருகினம்."

தாட்சாயினி கொஞ்சம் யோசித்தாள். அவள் எட்டாம் வகுப்பிலிருந்து கரப்பந்து ஆடியவள். "இந்த முறை ரெண்டும் இருக்கட்டும். கடைசிப் புள்ளி வரைக்கும் சனம் கலையாமல் நிண்டால், வலை நிக்கும். நடுவிலை எழும்பிக் கடைப் பக்கம் போச்சினமெண்டால், வாற வருஷம் மேடை மட்டும். எல்லாருக்கும் சம்மதமோ?"

கை தூக்கினார்கள். பரமேஸ்வரனும் தூக்கினார். எதற்குத் தூக்கினோம் என்பது அவருக்கு விளங்கியதா என்று தாட்சாயினிக்கு ஐயமாக இருந்தது. கூட்டம் கலைந்தபோது அவர் அவளிடம் வந்து ஒரேயொரு கேள்வி கேட்டார். "வலை இல்லாட்டில், கோடு தேவைப்படாது என்ன?"

"தேவைப்படாது அண்ணை."

"ம்," என்றுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கொண்டாட்டத்தை அவர் வெறுப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். முதல் நாள் பஞ்சுபோன்ற தும்பு முட்டாஸ் இரண்டு வாங்கி இரண்டையும் தானே சாப்பிட்டார். மீசையில் ரோசா நிறம் ஒட்டியிருந்தது. தலையணைச் சண்டைக்காரர் ஏறி இருக்க நட்ட குறுக்கு மரம் மட்டமாக இல்லையென்று பிடுங்கித் திரும்ப நட்டார். காற்றடித்த மாளிகையை நெடுநேரம் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "இதிலை நேரா ஒண்டும் இல்லை. ஆனால் விழாது," என்று ஒரு தச்சனின் வேலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

சிக்கல் இரண்டாம் நாள் காலையில் வந்தது. சுண்ணாம்பு டின்னோடு அவர் மைதானத்துக்கு வந்தபோது, பந்தாட்டத் தளத்தில் பதினாறு கோலங்கள் இருந்தன. நேற்றே தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, கூட்டி மெழுகினதுபோல அவர் ஆயத்தம் செய்து வைத்திருந்த நிலம் அது. ஊரில் அவ்வளவு மட்டமான இடம் வேறு இல்லை. கோலப் போட்டிக்கு வந்த பெண்கள் அதைக் கண்டுவிட்டுச் சும்மா இருப்பார்களா? தங்களுக்காகத்தான் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

பரமேஸ்வரன் ஓரத்திலேயே நின்றார். போட்ட கோலத்தை மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மணித்தியாலம் நின்றார். தேர்வு முடிந்தது. பின்கோட்டு மூலையில் இருந்த பன்னிரண்டு இதழ்க் கோலத்துக்கு முதற் பரிசு. போட்டவர் ராஜினி.

"என்ரை மூலையிலை நிண்டு போட்டனீரோ?" என்றார் பரமேஸ்வரன்.

"உங்கடை மூலையெண்டு உறுதி எழுதிக் கிடக்கே? உங்கடை கோட்டை விட என்ரை கோடு நேராத்தான் கிடக்கு. ஒரு கண்ணை மூடிப் பாருங்கோவன்."

அவர் மூடிப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

மற்றக் கோலங்களைக் கூட்டிவிட்டார்கள். முதற் பரிசுக் கோலம் விருந்தாளிகள் பார்க்கும்வரை இருக்கட்டும் என்று தாட்சாயினி கேட்டுக்கொண்டாள். அதன் பெரும்பகுதி தளத்துக்கு வெளியேதான் கிடந்தது. இரண்டு இதழ்கள் மட்டும் கோடு போகவேண்டிய இடத்தைத் தாண்டி உள்ளே வந்திருந்தன. பரமேஸ்வரன் கால் படாமல் எட்டி நின்று, அந்த இதழ்களுக்கு மேலாகவே சுண்ணாம்பைத் தட்டினார். அரிசிமாவின் மேல் சுண்ணாம்பு. வெள்ளைக்கு மேல் வெள்ளை. மத்தியானம் பிள்ளைகள் ஓடியதில் மாவு இன்னும் கொஞ்சம் பரவியது.

"அண்ணை, பின்னேரம் குழம்பாதோ?" என்று தாட்சாயினி கேட்டாள்.

"எந்த வெள்ளை ஆரின்ரை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை."

இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு அணிகளில் ஒன்று தண்ணீரூற்றுப் பக்கத்து அணி. மற்றது ஏழு வருடத்துக்குப் பிறகு இறுதிக்கு வந்த சொந்த ஊர் அணி. அதன் அடிகாரன் விஜிதரன், பரமேஸ்வரனின் மகன். ஜெயந்தனே எழும்பி, தகப்பன் கோட்டில் நிற்பது சரியில்லை, வேறு ஆளைப் போடுவோம் என்றான். எதிரணியின் பொறுப்பாளர் பொன்னையா கையை அசைத்தார். அவருடைய வீட்டுச் சுவரும் பரமேஸ்வரன் எழுப்பியதுதான்.

"பரமேஸ் நிக்கட்டும். மோன் எண்டு பாக்க அந்தாள் நிமிர்ந்தாலெல்லோ?"

ஆட்டம் கடைசியான ஐந்தாம் சுற்றுவரை போனது. மேடையில் பாட்டுக் கோஷ்டிக்காரர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொத்து ரொட்டிக்காரர் சனம் வராததால் தகட்டைத் தட்டுவதை விட்டுவிட்டு, தானும் அடுப்பை அணைத்து வந்து நின்றார். தாட்சாயினி தாளையும் பேனையையும் எடுத்து எண்ணத் தொடங்கி, நானூறுக்கு மேல் விட்டுவிட்டாள். காற்றடித்த மாளிகை வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

பதினாலுக்குப் பதின்மூன்று. ஊருக்கு ஒரு புள்ளி போதும். விஜிதரன் துள்ளி அடித்தான். பந்து தடுப்பவர்களின் கைகளுக்கு மேலாகப் போய், பின்கோட்டு மூலையில், அந்தக் கோலத்தின் இதழில், ஒரு வெள்ளைப் புகையைக் கிளப்பிக்கொண்டு விழுந்தது. உள்ளே என்றால் கிண்ணம் ஊருக்கு. வெளியே என்றால் பதினாலுக்குப் பதினாலு.

மத்தியஸ்தர் விசிலை ஊதிவிட்டு மூலையைப் பார்த்தார். வலையடியில் நின்றபடி விஜிதரன் பார்த்தான். பொன்னையா பார்த்தார். சனம் முழுவதும் பார்த்தது. பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக மைதானத்தில் எல்லோரும் பரமேஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்தார். சனத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கொடியோடு சேர்த்து இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் குறுக்கே வைத்தார்.

பந்தைத் திரும்ப ஆடினார்கள். அதற்குப் பிறகு இன்னும் பதினொரு புள்ளிகள் போயின. ஒருவரும் அசையவில்லை. கிண்ணம் தண்ணீரூற்றுப் பக்கம் போனது. வாற வருடமும் வலை நிற்கும் என்று கழகம் முடிவெடுத்தது. ஜெயந்தன்தான் அதை முன்மொழிந்தான்.

ஊரில் எல்லோரும் குற்றத்தைக் கோலத்தின் மேல் போட்டார்கள். வெள்ளைக்கு மேல் வெள்ளை கிடந்தால் மனிசன் என்ன செய்வான்? ராஜினி இரண்டு நாள் வாசலில் கோலம் போடவில்லை. விஜிதரன் சாப்பாட்டில் வைத்துக் கேட்டான். "அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. உள்ளையோ வெளியிலையோ?" பரமேஸ்வரன் மீன் குழம்புச் சட்டியை மகன் பக்கம் தள்ளிவிட்டார். பொன்னையா தொலைபேசியில் கேட்டார். மழை வருமா என்ற கதைக்கு அது மாறிவிட்டது. அன்றிரவு வீட்டுக்கு நடக்கையில் அவர் "ஆர் வெண்டது?" என்று கேட்கவில்லை என்பதை ராஜினி பிறகுதான் நினைத்துப் பார்த்தார்.

அந்த மூலைக்கு ஐந்தடி பின்னால் தாட்சாயினி நின்றிருந்தாள். அவள் கண்டதைப் பற்றி இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. அவருடைய கைகள் நெஞ்சில் குறுக்கே இருந்தன. எல்லோருடைய கண்ணும் மத்தியஸ்தரின் பக்கம் திரும்பியிருந்தது. மாவில் பந்து பதிந்த வட்டம், கோட்டுக்கு எந்தப் பக்கமென்று தெரியும்படி, அப்படியே கிடந்தது. காலையில் ஒரு மணித்தியாலம் ஓரத்தில் நின்ற அந்த மனிதர், ஒரு அடி முன்னால் வந்து, கோலத்தின் மேல் வலது காலை வைத்து, குதிக்காலை மெதுவாக ஒரு முறை திருப்பினார்.