சுவரை ‘புக்’ செய்த பேச்சியக்கா

போன வாரம் ஒரு காலை. பசியோடு பேச்சியக்கா மெஸ்ஸுக்குப் போனால் – ஷட்டர் இறங்கியிருக்கிறது. அதில் தொங்கிய அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது: ‘ஓட்டுப் போடப் போயிருக்கோம். வந்துதான் தோசை.’

பசியே மறந்துவிட்டது எனக்கு. அப்படி ஒரு சந்தோஷம்!

கடை மூடியிருந்தால் சந்தோஷமா? காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

திருவனந்தபுரம் கரமனையில், என் ஆபீஸுக்குப் பின்னால் உள்ள சந்தில் மெஸ் நடத்துகிறார் அக்கா. தென்காசிப் பக்கத்துக்காரர். சந்தில் ஒரு ஓடை உண்டு; அதற்கு மூடிதான் கிடையாது. மழை வலுத்தால் சாக்கடைத் தண்ணீர் நேராக அக்காவின் அடுப்படிக்குள் வந்துவிடும். ஆட்டி வைத்த மாவை அப்படியே கொட்டிவிட்டு அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனால் கடையைக் காலி செய்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. தேர்தலுக்கு எத்தனையோ மாதம் முன்பே கட்சிக்காரர்கள் வந்து, கண்ணில் பட்ட சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து ‘புக்டு’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி! சுவர்க்காரரைக் கேட்பதெல்லாம்... அவரவர் பெருந்தன்மை.

இந்த முறை தன் மெஸ் சுவரில் எழுதியிருந்ததை அக்கா அழித்துவிட்டார். அதே இடத்தில் கொட்டை எழுத்தில், ‘புக்டு – பேச்சியம்மாள் மெஸ்.’

மறுநாளே கட்சிக்காரர் ஒருவர் வந்துவிட்டார். எப்போதும் எங்களுக்கு உள்ள சுவராச்சே என்று வருத்தப்பட்டார். அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“செவுர மட்டும் புக் பண்ணுதியளே... ஓடைய ஆராவது புக் பண்ணியளா?”

தோசையைப் பாதியில் விட்டுவிட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்த மனிதர் கோபப்படவில்லை. மலையாளத்தில் நிதானமாகத்தான் கேட்டார்.

“சேச்சிக்கு ஓட்டு இவிடயாணோ?”

அப்போதுதான் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். அவர் ஓட்டு தென்காசியில். பக்கத்துப் பழக்கடை அண்ணாச்சியின் ஓட்டு நாகர்கோவிலில். சந்து முழுக்கக் கடைகள்... ஓட்டு என்று பார்த்தால் ஒன்றுகூட இங்கே இல்லை! பிறகு யார் வந்து எட்டிப் பார்ப்பார்கள்?

இது அந்தச் சந்தின் கதை மட்டுமா? இதே ஊரில் கழக்கூட்டத்து ஐ.டி. ஃபிளாட்டுகளில் போய்க் கேட்டுப் பாருங்கள். குடியிருப்பது இங்கே, குப்பை போடுவது இங்கே, ரோடு சரியில்லை என்று திட்டுவதும் இங்கே. ஓட்டு மட்டும் அப்பா வீட்டில்!

வாக்காளர் பட்டியலில் புதுப் பெயர் சேர்க்க இன்னும் நாள் இருக்கிறது என்று அந்தக் கட்சிக்காரரேதான் வழி சொன்னார். அக்கா விடுவாரா? ஊரில் இருந்த பெயரை நீக்கச் சொல்லிவிட்டு இங்கே சேர்த்தார். அண்ணாச்சியையும் மற்றக் கடைக்காரர்களையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார். சுவரிலும் ஒரு வரி கூடியது: ‘ஓடைக்கு மூடி எப்போ?’

அப்புறம் பார்க்க வேண்டுமே! ஒருநாளும் தலைகாட்டாத வார்டு வேட்பாளர்கள் மூன்று பேரும் அடுத்தடுத்து வந்தார்கள். சுவருக்கு முன்னால், பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்க்கிற முகத்தோடு நின்றார்கள். ஒருவர் ஓடைக்குள் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

நேற்று, ஜெயித்தவர் டேப்போடு வந்து ஓடையை அளந்துவிட்டுப் போனார். தோற்ற இருவரும்கூட வந்து, வேலை தொடங்காவிட்டால் நாங்கள் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

யாருக்குத்தான் போட்டீர்கள் என்று அக்காவிடம் மெல்லக் கேட்டேன். தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னார்:

“ஓடைக்கு மூடி விழட்டும் தம்பி. அதுவரைக்கும் மூணு பேரும், அக்கா ஓட்டு நமக்குத்தான்னு நெனச்சிக்கிடட்டும்.”