ஏலச்செடிக்குள் காது அடைத்த நாட்கள்

காட்டுமாடு வந்த அன்று நான் பாட்டுக்குக் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏலச்செடி ஆளைவிட உயரம். தூரடியில் குந்திவிட்டால் பக்கத்து வரிசையில் காய் எடுக்கும் நிரைக்காரிகூடத் தெரியமாட்டாள். குரலை வைத்துத்தான் ஆள் இருப்பது தெரியும். எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூட வேலை பார்க்கும் செல்விதான் திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மேட்டில் நின்று காதருகே கத்தினாள். "அம்புட்டுப் பேரு கத்துறோம், காதுல விழலையாக்கா? சாகப் போறியா?"

விழவில்லைதான். மழையில் பிடித்த சளி ஒரு மாதமாக விடவில்லை. இருமல் குறைந்தது, இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. என் குரலே குடத்துக்குள் பேசுவது போல இருந்தது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கங்காணி அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "கோவிச்சுக்காத ஆத்தா. காது சரியாகுற மட்டும் செடிக்குள்ள போகாத. ஸ்டோர்ல காய் பொறுக்கு."

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நிரையில் எப்போதும் முந்திப் போகிறவளை மூலையில் உட்கார வைத்தால்? அதைவிடப் பயம், ஆயுசுக்கும் இப்படியே ஆகிவிடுமோ என்று.

போடியில் காது டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார்.

"இனிமே எண்ணெய் ஊத்தாதீங்கம்மா. மூக்குலருந்து காதுக்குப் போற குழாய் சளியால அடைச்சு, உள்ள நீர் கட்டியிருக்கு. நரம்பு நல்லாத்தான் இருக்கு."

"செவிடாகிர மாட்டேன்ல?"

"மாட்டீங்க. மெதுவாத்தான் தெறக்கும். மறுபடி வந்து காட்டணும்."

மருந்து சாப்பிட்டும் பல நாள் மாற்றமே இல்லை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து போடிமெட்டு மலையிலிருந்து ஜீப்பு இறங்கும்போது கொட்டாவி விட்டேன். காதுக்குள் 'படக்' என்றது. ஹாரன், வளையல் சத்தம், பின்னால் ஒருத்தி மருமகளைத் திட்டுவது, எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. முருகா! அழுதேவிட்டேன்.

செல்வி பழக்கதோஷத்தில் என் காதோடு வாய் வைத்துக் கத்தினாள். "அக்கா! ஏன் அழுகுற?"

"ஏண்டி கத்துற? நான் என்ன செவிடா?"

அடுத்த நொடி எல்லாரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, சளி விடாமல் காது மந்தமானால் வெரசாக டாக்டரிடம் போங்கள். அதற்கு முன்னால் பக்கத்து நிரைக்காரியிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், காட்டுமாட்டைக் கண்டு ஓடுகிறவள் நீங்களும் ஓடி வருவதாகத்தான் நினைப்பாள்.