மீட்டரில் ஏறாத நிமிடங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, இறந்துபோன நண்பனின் சைக்கிள் பயணங்களை நானும் ஜாபரும் லேப்டாப்பில் திறந்தோம். திறந்திருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் விருத்தாசலத்திலிருந்து கல்வராயன் மலைக்கு சைக்கிளில் போய்வரத் திட்டம். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், அங்கிருந்து மலை ஏறி வெள்ளிமலை, திரும்ப வீடு. ஒரே நாளில், ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். ஐம்பத்து நாலு வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள்... அதை என் மனைவி மங்கை தினமும் கேட்கிறாள்.

ஜாபருக்கு மங்கலம்பேட்டையில் ஹார்டுவேர் கடை. குவைத்திலிருந்து திரும்பியவர்; என்னைவிடப் பத்து வயது சின்னவர். எங்கள் கோஷ்டியில் மூன்றாவது ஆள் தனசேகர். இங்கே செராமிக் யூனிட் வைத்திருந்தான். சூளையிலிருந்து வரும் கப்பை விரலால் சுண்டுவான். சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். எட்டு மாதம் முன்பு, மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஒரு அறிகுறியும் இல்லையே என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

எங்களுக்கு ரூட் போடுவது எப்போதும் தனசேகர்தான். அதனால் சைக்கிள் ஆப்பில் அவனுடைய பழைய ரூட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஜாபர். அவன் பக்கம் அப்படியே இருக்கிறது. ஹெல்மெட் போட்டுச் சிரிக்கிறான். ஒருவர் இறந்துவிட்டார் என்று ஆப்புக்கு யார் போய்ச் சொல்வது?

வெள்ளிமலைக்கு மூன்று முறை ஏறியிருக்கிறான். மூன்று முறையும் நாங்களும் ஊரிலிருந்து கிளம்பும்போது கூட இருந்திருக்கிறோம். இரண்டாவது, மூன்றாவது முறை எனக்கு வேறு வேலை வந்து, மலை ஏறாமல் பாதியில் திரும்பிவிட்டேன்.

இந்த இடத்தில் சைக்கிள்காரர்களின் ஒரு சின்னத் தில்லுமுல்லைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் நின்றால் மீட்டரும் தானாக நின்றுவிடும்படி ஒரு வசதி உண்டு. எல்லோரும் அதைப் போட்டுவைப்போம். ஓய்வெடுத்த நேரம் கணக்கில் வராது; சராசரி வேகம் பிரமாதமாகத் தெரியும். மொத்த நேரம் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்?

அன்று பார்க்கவேண்டி வந்தது. வெயில் ஏறுவதற்குள் மலையைத் தொட வேண்டுமென்றால் உண்மையான நேரம் தெரிய வேண்டுமே!

"அண்ணே... ஏத்தத்துல சேகரண்ணன் ஒரு எடத்துல நிக்கிறாரு பாருங்க" என்றார் ஜாபர்.

"டீ குடிச்சிருப்பான்."

"அங்க டீக்கடையே கெடையாதுண்ணே. வெறும் வளைவு."

முதல் பயணத்தில் நாலு நிமிடம். இரண்டாவதில் ஒன்பது. மூன்றாவதில் பதினேழு. மூன்று முறையும் அதே வளைவு. இதயத்துடிப்பைக் காட்டும் சிவப்புக் கோடு முதல் இரண்டிலும் அங்கே எகிறியிருந்தது. மூன்றாவதில் கோடே இல்லை. மார்பில் கட்டும் பட்டையை அவன் கழற்றிப்போட்டிருக்கிறான்.

எங்களுக்கு ஞாபகம் வந்தது. ஏற்றத்தில் அவன் எப்போதும் பின்தங்குவான். "நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் போட்டோ எடுத்துட்டு வரேன்" என்பான். மூன்று பயணத்தின் போட்டோக்களையும் தேடினோம். அந்த வளைவில் ஒரு போட்டோகூட இல்லை.

அவன் மூன்றாவது பயணம் முடிந்து இருபது நாளில் போய்ச் சேர்ந்தான்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பட்டப்பகல். நான் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தேன்.

ஜாபர் பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "உங்க டைமயும் பாத்துடுவோம்ண்ணே" என்று என் பக்கத்தைத் திறந்தார். திறந்தவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

நான் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். முதல் தடவை மூன்று நிமிடம். போன மாதம், நானும் ஜாபரும் மட்டும் பயிற்சிக்குப் போனபோது, ஒன்பது. அதே வளைவு.

"நான் அங்க நிக்கவே இல்லப்பா!"

"அந்த எடம் ரொம்பச் செங்குத்துண்ணே. யாரா இருந்தாலும் மூச்சு வாங்கும்" என்றார் ஜாபர். நியாயமான விளக்கம்தான். ஆனால் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒரு முறைகூட அங்கே நின்றதில்லை என்பதையும் நான் திரையில் பார்த்துவிட்டேன்.

மேப்பில் கிடைத்த அந்த வளைவின் படத்தைப் பெரிதாக்கினார். கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த தடுப்புச் சுவர்... பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சுவரில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்தில் யாரோ பலமாக மூச்சு வாங்குவது கேட்டு, முன்னால் போன ஜாபர் இறங்கி வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் மூச்சுதான் என்று எழுந்து போய்விட்டேன். மேலே காத்திருந்த ஜாபரிடம், "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றேன்.

அடுத்த மாதம் போகவிருந்தது என் மூன்றாவது தடவை.

எங்கள் பேச்சு காதில் விழுந்தபடியே டீ கொண்டுவந்த மங்கை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க, மொகம் ஏன் இப்படி இருக்குது? எங்க நின்னீங்க, யாரு நின்னா?"

தண்ணீர் குடிக்க நின்றேன் என்று சொல்லத்தான் வாய் போனது. ஜாபர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன். மாடிப்படி ஏறினாலே இரண்டு மாதமாக இடது தோள் வலிக்கிறது என்பதையும் சேர்த்து.

மங்கை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஜாபர் தம்பி, காரு எடுத்துக்கிட்டு வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பாண்டிச்சேரியில் டாக்டர் ஈசிஜி தாளை இரண்டு முறை பார்த்தார். அன்றே அட்மிஷன். மறுநாள் இரண்டு ஸ்டென்ட். மலை ஏறப் போகிறேன் என்று சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்தார்.

தனசேகர் தைரியசாலி. யாரிடமும் எதுவும் சொல்லாமல் மூன்று முறை அந்த மலையை ஏறி இறங்கினான். நான் அப்படியில்லை. நன்றாகவே பயந்துவிட்டேன் — இந்த வாரப் பத்தியை எழுத ஆள் இருப்பது அதனால்தான்.